மறு: மறு: "லென்ஸை மாற்றும் முன் லென்ஸைத் துடைக்கவும்": வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: தர்மபுரி

எல்லோருக்கும் வணக்கம். பழைய சிடி பிளேயர் பழுது பார்க்கும் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மறுநாள் கிருஷ்ணகிரியில் வகுப்பு. 11ஆம் பக்கத்தில் ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன்.

லேசர் டயோடு, மேலே மிதக்கும் சின்ன வில்லை, அதை ஏற்றி இறக்கும் கம்பிச்சுருள், தகட்டில் பட்டுத் திரும்புகிற ஒளியை வாங்கிக்கொள்ளும் போட்டோ டயோடு, இவ்வளவும் ஒரே கட்டாக வருகிற பாகத்தைக் கையேடு பிக்கப் என்கிறது. நம் கடைகளில் அந்தக் கட்டுக்கும் பெயர் லென்ஸ், உச்சியில் இருக்கும் வில்லைக்கும் பெயர் லென்ஸ். கடைவழக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் என் வாக்கியம் தலைப்பில் இருப்பது போல வருகிறது. எடுப்பி, படிப்பி என்று இரண்டு குறித்து வைத்திருக்கிறேன், இரண்டும் எனக்கே ஒட்டவில்லை. உதவுங்கள்.

அனுப்புநர்: ஓசூர்

ஒளித்தலை. டேப் ரெக்கார்டரில் இருந்தது ஹெட், இது ஒளியால் வேலை செய்யும் ஹெட். முடிந்தது அக்கா, 12ஆம் பக்கம் போங்கள்.

அனுப்புநர்: பாலக்கோடு

ஓசூர்த் தம்பிக்கு எப்போதும் அவசரம். ஒளித்தலை என்பதை மாணவன் ஒளி + தலை என்றா பிரிப்பான்? ஒளித்தல் + ஐ என்று பிரிப்பான். "ஒளித்தலை நிறுத்தவும்" என்று ஒரு வரி வந்தால் அவன் கருவியை நிறுத்துவானா, களவை நிறுத்துவானா?

அம்மா குறித்து வைத்த படிப்பியும் கூடாது. வி, பி இரண்டையும் பிறவினை விகுதியாகத்தான் நன்னூலார் சொல்கிறார். படிப்பி என்றால் படிக்க வை, அதாவது பாடம் சொல்லிக்கொடு. அந்த வேலையைப் பார்த்துத்தான் நான் ஓய்வூதியம் வாங்குகிறேன், ஒரு பெட்டிக்கு அதை விட்டுத்தர மாட்டேன். எடுப்பி கொஞ்சம் தேவலாம், ஆனால் எடுப்பு இசைக்காரர்களுடைய சொல். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று பல்லவி, அனுபல்லவி, சரணத்துக்குத் தமிழிசையில் ஏற்கெனவே வைத்தாயிற்று. பாட்டுக் கருவியிலேயே அதைக் குழப்புவானேன்?

என் சொல் ஒளிமுள். இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடியதை நம் வீடுகளில் முள் என்றார்கள், ஊசி என்றாரும் உண்டு. அந்த வேலையை இப்போது ஒளி செய்கிறது. புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை.

இன்னொன்று. தகட்டைப் படிக்கும் உறுப்புக்குப் பெயர் வைக்கத் தகடூர்க்காரர்களைவிட உரிமை உள்ளவர் யார்? தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தகடு + ஊர், இரும்பைத் தகடாக்கிய ஊர் என்பது என் கட்சி. தகடு என்பதற்குப் பூவின் புறவிதழ் என்றும் பொருள் இருப்பதால் பூவிலிருந்து வந்த பெயர் என்று வாதாட வருபவர்கள் வரலாம். ஆகவே கையேடு முழுக்கக் குறுந்தகடு என்றே இருக்கட்டும், குறுவட்டு வேண்டாம்.

அனுப்புநர்: பென்னாகரம்

ஐயா, தகடூர் இரும்பில் இறங்கினால் வெள்ளிக்கிழமை போய்த் தை பிறந்துவிடும். குறுந்தகடு, குறுவட்டு, ஈழத்தில் இறுவட்டு, மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றில் இறுவட்டுதான் என் காதுக்குச் சரி, இறுக்கிச் சுருக்கிய வட்டு. தகடு என்றால் எங்கள் பக்கத்துக் கிழவிகள் "யார் வைத்தது?" என்றுதான் கேட்பார்கள்.

ஒளிமுள் கேட்க நன்றாக இருக்கிறது, பொருளில் பிழை. முள் தொடும். தொடுவதால் முள்ளும் தேயும், தட்டும் தேயும். இங்கே தொடுதலே கிடையாது, வில்லை தகட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு மிதக்கிறது. சுமார் 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் போய்த் திரும்புகிறது, அவ்வளவே. 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றி ஓடும் தடத்தை நீட்டினால் 5 கிலோமீட்டர் வரும், அவ்வளவையும் தொடாமலே படிக்கிறது. முள் என்று எழுதினால் பையன் "முள் தேய்ந்துவிட்டது" என்பான்.

நான் சொல்வது ஒளிப்பொறி. பொறி என்ற ஒரு சொல்லில் எத்தனை இருக்கிறது பாருங்கள்: ஐம்பொறியில் அது புலன் உறுப்பு, இந்தப் பாகம் ஒரு கண். எந்திரமும் பொறி. தீப்பொறியும் பொறி, ஒளி வந்துவிட்டது. வில், புலி, கயல் என்று பொறித்தவையும் பொறி, தகட்டில் இருப்பவை பொறிப்புகள். பொறியைப் பொறி படிக்கிறது. இதற்கு மேல் ஒரு மொழியிடம் என்ன கேட்பது?

அனுப்புநர்: ஓசூர்

எலி கேட்கலாம். எலிப்பொறி. அதோடு ஐயா போட்ட கணக்கில் இது ஒளித்து வைத்த பொறி.

அனுப்புநர்: கிருஷ்ணகிரி பழுதுக்கடை

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம், ஆனால் இரண்டு பாகத்துக்கும் இரண்டு பெயர் கட்டாயம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கடைக்கு வருகிற எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம், "லென்ஸ் போச்சு". திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் லென்ஸ் போயிருக்காது. டிரே வெளியே வரவில்லை என்றால் அது பெல்ட். முதல் பாட்டுகள் ஒழுங்காகப் பாடிக் கடைசிப் பாட்டுகளில் தாவினால் பிக்கப் நகரும் தண்டவாளத்து கிரீஸ் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுவது. சுற்றத் தொடங்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்றுப் பக்கம் இருக்கும், ஓரத்துக்கு வரும்போது 200க்கு இறங்கும், தகட்டைச் சுற்றும் அந்த மோட்டார் தளர்ந்தாலும் தாவும். கம்பெனித் தகடு பாடுகிறது, வீட்டில் எழுதின தகடு மட்டும் பாடவில்லை என்றால் லேசர் மங்கத் தொடங்கியிருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். நம் பக்கம் கிரானைட் அறுக்கிற ஊர், தூசிக்குப் பஞ்சமா? ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல் ஒருமுறை துடைத்தாலே எழுந்து உட்கார்ந்த மிஷின்கள் உண்டு. சில பிளேயர்களில் பவர் சப்ளை கெபாசிட்டர் காய்ந்துபோய் எல்லா நோயும் கலந்து காட்டும்.

இதையெல்லாம் பார்க்காமல் பையன்கள் நேரே பிரிசெட்டை, அதாவது லேசர் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை, திருப்புகிறார்கள். திருப்பினால் லேசருக்குக் கரண்ட் கூடும், படிக்கவும் செய்யும். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போவார். மங்கிய டயோடில் கூடுதல் கரண்ட் ஓடினால் கொஞ்ச நாளில் சுத்தமாக அணைந்துவிடும். ஆஸிலோஸ்கோப் திரையில் ஆர்எஃப் அலையை, அதாவது தகட்டிலிருந்து படித்து வரும் மின்அலையை, பார்க்காமல் அதில் கை வைக்கவே கூடாது.

சாதாரணப் பிளேயர் என்றால் நஷ்டம் பெரிதில்லை. சோனி கேஎஸ்எஸ் 213 வகைப் பிக்கப் இன்னும் கிடைக்கிறது, போலியும் அதே டப்பாவில் கிடைக்கிறது. சான்யோ எஸ்எஃப் பி101என் வாங்கினால் 15 பின்னா 16 பின்னா என்று எண்ணிவிட்டு வாங்க வேண்டும். ஆனால் பெரிய விலைப் பிளேயர்களில் இருக்கிற பிலிப்ஸ் சிடிஎம் 1, சிடிஎம் 4 மாதிரி, பிக்கப்பைத் தாங்கித் தகட்டுக்குக் கீழே ஊசலாடும் கை இருக்கிறதே, அது இப்போது யாரும் செய்வதில்லை. "லென்ஸ் மாத்து" என்று சொன்னதும் பையன் நல்ல கையைக் கழற்றிக் குப்பையில் போடுகிறான். துடைக்க வேண்டியதும் மாற்ற வேண்டியதும் ஒரே பெயரில் இருந்தால் அவனைத் திட்டி என்ன பயன்?

அனுப்புநர்: ஓசூர்

அண்ணே, நீங்கள் சொன்ன கதை என் வீட்டில் நடந்தது. மாமா விட்டுப்போன பிளேயர், ஊசலாடும் கை, டிஜிட்டலை ஒலியாக்கும் டிடிஏ 1541 சிப். "நோ டிஸ்க்" என்று காட்டத் தொடங்கியதும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். லென்ஸ் போய்விட்டது, கிடைக்காது, தூக்கிப் போட்டுவிட்டு புதிது வாங்குங்கள் என்றார்கள். வாங்கவா? இல்லை, கணினியில் எல்லாத் தகட்டையும் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, டிஜிட்டலை ஒலியாக மாற்றும் ஒரு தனி டாக் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளவா? வீட்டில் இரண்டாவதுதான் சரி என்கிறார்கள்.

சொல் விஷயம்: ஒளியலகு. கடைகளில் சிலர் ஆப்டிகல் யூனிட் என்றும் சொல்கிறார்கள், அலகு என்றால் யூனிட். பறவையின் மூக்கும் அலகுதான், தகட்டைக் கொத்தி எடுக்கிறது. முள்காரர்களுக்கும் கொஞ்சம் திருப்தி.

அனுப்புநர்: அரூர்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒளியலகு என்றதும் என் பிள்ளைகள் "கேண்டெலா, டீச்சர்" என்பார்கள். அலகை நாங்கள் மீட்டர், கிலோகிராமுக்கே தேய்த்துவிட்டோம். வில்லை மட்டும் நன்றாக நிற்கிறது, குவிவில்லை, குழிவில்லை என்று பாடத்தில் வருகிறது. மாத்திரையும் வில்லைதான், சேவகர் மார்பில் குத்துவதும் வில்லைதான், ஆனால் அதனால் எந்தப் பிள்ளையும் குழம்பியதில்லை. அப்படிப் பார்த்தால் அலகுக்கும் பழகிவிடும் என்று ஓசூர்த் தம்பி சொல்வார். சொல்லட்டும்.

அனுப்புநர்: பாலக்கோடு

அலகு எனும் சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அலகு என்றால் கூர்மை, அம்பின் நுனி, நெற்கதிர், பலகறை, எண்ணுதல்...

அனுப்புநர்: தர்மபுரி

ஐயா, காலில் விழுகிறேன். அச்சகத்தில் காலையே கேட்டுவிட்டார்கள்.

அனுப்புநர்: பாலக்கோடு

...கூர்மை என்று பொருள் இருப்பதால் ஒளிமுள்ளின் பங்காளியாக இதை ஏற்கிறேன். மேலும் ஒளி அலகு சேர்ந்தால் யகர உடம்படுமெய், வல்லினம் மிகாது, ஒளித்தலுக்கு இடமில்லை. அது ஒன்றே போதும்.

அனுப்புநர்: கிருஷ்ணகிரி பழுதுக்கடை

ஓசூர்த் தம்பிக்கு. தூக்கிப் போடாதீர்கள். தனி டாக் வாங்கினால் அதே சத்தம் வரும் என்று நம்பி அந்தப் பெட்டியை விற்றவர்கள் திரும்ப வாங்க அலைவதைப் பார்த்திருக்கிறேன். கை உண்மையிலேயே போயிருந்தாலும் வழி உண்டு, சிடிஎம் 4 அந்தக் காலத்து விலை குறைந்த பிளேயர்களிலும் வந்தது. அப்படி ஒரு பழைய பெட்டி சிக்கினால் கையை எடுத்து இதில் வைக்கலாம். தகடுகளைக் கணினியில் எடுத்து வைப்பதை மட்டும் இப்போதே செய்யுங்கள், அதற்கும் இதற்கும் சண்டையில்லை. கடைசியில் எதுவும் அமையாவிட்டால் டிஜிட்டல் அவுட் உள்ள சாதா பிளேயர் ஒன்றும் டாக் ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். முதலில் நான் பார்க்கிறேன்.

கையேட்டில் இன்னொரு வரி சேர்க்கணும் அம்மா: புது பிக்கப்பில் நிலைமின்சாரம் லேசரைத் தாக்காமல் இருக்க ஒரு சொட்டு ஈயம் வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள், மாட்டின பிறகு அதை எடுத்துவிட்டுத்தான் பவர் போடணும். எடுக்காமல் போட்டுவிட்டு "புது லென்சும் போச்சு" என்று வருகிறார்கள்.

அனுப்புநர்: தர்மபுரி

சேர்த்துவிட்டேன். முடிவு: பாகம் முழுவதும் ஒளியலகு. மேலே உள்ளது வில்லை. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "கடைகளில் லென்ஸ் எனப்படும் ஒளியலகு" என்று இருக்கும். ஓசூர், பாலக்கோட்டு ஐயா, கடைக்கார அண்ணன் சரி என்றார்கள். அரூர் டீச்சர் முனகலோடு சரி. பென்னாகரத்தார் பதில் போடவில்லை. வாக்கியம் இப்போது: "ஒளியலகை மாற்றும் முன் வில்லையைத் துடைத்துப் பார்க்கவும்."

அனுப்புநர்: பென்னாகரம்

பதில் போடாதது சம்மதம் அல்ல, இங்கே மின்சாரம் இல்லை. அலகு என்பது அளவை. இது அளக்கவில்லை, பார்க்கிறது. பார்ப்பது பொறி. எலிக்குப் பயந்து ஒரு நல்ல சொல்லைக் கைவிட்டோம் என்று என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி வருவேன்.

அனுப்புநர்: கிருஷ்ணகிரி பழுதுக்கடை

சனிக்கிழமை வகுப்பில் நான் வாய் தவறாமல் வில்லை என்று சொல்லிவிடுவேன். ஒளியலகுக்கு உத்தரவாதம் தர முடியாது, முப்பது பையன்களும் லென்ஸ் என்றால் நானும் லென்ஸ் என்பேன்.

ஓசூர்த் தம்பி, பெட்டியை அன்றைக்கே கொண்டுவாருங்கள், எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுகிறேன். பஸ்ஸில் ஏற்றும் முன் அடியில் டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ இருந்தால் முடுக்கிவிடுங்கள், கை ஆடக்கூடாது. அந்தக் கடையில் பிரிசெட்டைத் திருப்பினார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டு வையுங்கள்.