தம்பிக்கு தினமும் 2 மணி நேர வேலை வேண்டும், ஸ்ரீரங்கம் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. 18 வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனான். அப்புறம் 8 வருஷமாக வீடுதான். காலை 9 மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலில் நின்று, தெருவே வேலைக்குப் போவதைப் பார்ப்பான். எனக்கு மனசு தாங்கவில்லை.

துணி மடிப்பதில் அவனை அடிச்சுக்க ஆளில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பான். அவசரப்படுத்தினால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும்.

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் ஜவுளிக்கடை, டெய்லர் கடை, அயர்ன் கடை வைத்திருப்பவர்கள் யாராவது அவனைச் சேர்த்துக்கொள்வீர்களா? முதல் ஒரு மாதம் நானும் கூடவே இருக்கிறேன். சம்பளம் எவ்வளவானாலும் சரி, அவன் கையிலேயே கொடுங்கள். பெரிய ஆளிடம் பேசுவதுபோல் பேசுங்கள். குழந்தையைக் கொஞ்சுவதுபோல் வேண்டாம்.

இன்னொரு விஷயம். அப்பாவுக்கு வயதாகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவில் அக்கா நான் சட்டப்பூர்வ பாதுகாவலராக மனு போட வேண்டும். ஏற்கெனவே போட்டவர்கள், என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். இவனைப் போன்றவர்களுக்கான 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டில் பணம் வாங்கிய அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.