ஆர்ட்டிக்ஸ்-7 கான்ஃபிகர் ஆக எவ்வளவு நேரம் என்று கணக்கிட வேண்டும்?

வணக்கம். ஆர்ட்டிக்ஸ்-7 35டி என்ற எஃப்பிஜிஏ (நம் டிசைனை ஏற்றிப் பயன்படுத்தும் சிப்) வைத்து, கம்ப்யூட்டர் ஸ்லாட்டில் செருகும் ஒரு பிசிஐஇ கார்டு செய்கிறோம். பவர் நிலைத்து 100 மில்லி செகண்ட் ஆனதுமே கம்ப்யூட்டர் கார்டுக்குக் கொடுக்கும் ரீசெட் விலகிவிடலாம். அதற்குள் எஃப்பிஜிஏ தயாராக வேண்டும்.

பவர் வந்ததும் ஃபிளாஷ் மெமரியிலிருந்து சிப்புக்குள் ஏறும் டிசைன் ஃபைல், அதாவது பிட்ஸ்ட்ரீம், 1,75,36,096 பிட். குவாட் எஸ்பிஐ ஃபிளாஷ் என்பதால் ஒரு கிளாக்குக்கு 4 பிட். 33 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் சுமார் 133 மில்லி செகண்ட், அதாவது தேறாது. 66-க்கு ஏற்றினால் 66 மில்லி செகண்ட்தான், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கிளாக்கைத் தரும் சிப்பின் உள் ஆஸிலேட்டர் ±50% வரை விலகலாம் என்கிறது டேட்டாஷீட். மந்தமான சிப் கையில் வந்தால் மறுபடி அதே 133! சரி, வெளியிலிருந்து கிளாக் கொடுத்து விலகலை ஒழித்தாலும், பவர்-ஆன் ரீசெட் (ஏற்றம் தொடங்குமுன் சிப் தன்னைத் தயார் செய்யும் நேரம்) 50 மில்லி செகண்ட் வரை தின்னும்; 66-உடன் கூட்டினால் 100-ஐத் தாண்டிவிடும்.

இந்த 50-ஐ நீங்கள் முழுதாகக் கூட்டுவீர்களா? பிட்ஸ்ட்ரீமைக் கம்ப்ரஸ் செய்யலாம்தான். ஆனால் டிசைன் நிரம்ப நிரம்ப அந்த லாபம் கரையுமே, அதை நம்பி போர்டை முடிவு செய்யலாமா? அப்புறம், இனிட்-பி பின் உயர்வதிலிருந்து (ஏற்றம் தொடங்கும் நேரம்) டன் பின் உயரும் வரை (முடியும் நேரம்) ஆஸிலோஸ்கோப்பில் அளந்தவர்கள் இருந்தால், கணக்குக்கும் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று சொல்லுங்கள்.