வாக்கிங் ஃபுட் தையல் மெஷினுக்கு எந்த ஃபுட் வாங்குவது?

கேள்வி (தண்டையார்பேட்டை):
ஆட்டோ சீட் கவரும் ரெக்ஸின் பையும் தைப்பதற்காகப் பழைய ஜூக்கி 1541 வாக்கிங் ஃபுட் தையல் மெஷின் (ஊசியோடு ஃபுட்டும் நடந்து துணியை நகர்த்தும் வகை) ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதில் மாட்டியிருந்த பல் வைத்த ஃபுட் (துணியை அழுத்தும் பாதம்), மெல்லிய ரெக்ஸினில் வரிவரியாகத் தடம் பதிக்கிறது. பைப்பிங்கும் (கயிற்றின் மேல் ரெக்ஸின் சுற்றித் தைக்கும் ஓரம்) ஜிப்பும் தைக்க வேண்டியிருப்பதால், எவற்றை முதலில் வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் (ராயபுரம்):
ஐயா, ஊசியோடு சேர்ந்து நடக்கும் உள் ஃபுட்டும், துணியை அழுத்திப் பிடிக்கும் வெளி ஃபுட்டும் இந்த மெஷினில் தனித்தனி என்பதால், இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள். தடம் விழாமலிருக்கப் பல் இல்லாத வழவழப்பான ஜோடி வேண்டும். அதற்கு முன் அழுத்தத் திருகைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள், செலவே இல்லாமல் தடம் குறையக்கூடும். பைப்பிங் ஃபுட்டின் அடிப்பள்ளம் கயிற்றின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். பள்ளம் பெரிதானால் கயிறு உள்ளே ஆடி, தையல் விலகி நிற்கும்.

பதில் (பெரம்பூர்):
கயிற்றை மட்டும் அளந்தால் போதாது, ஐயா. தடித்த ரெக்ஸின் சுற்றியதும் கால் அங்குலக் கயிறு கால் அங்குலப் பள்ளத்தில் இறுகிக்கொள்ளும். ஆகவே, சுற்றிய துண்டொன்றைக் கடைக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஜிப்புக்கு ஒற்றைக்கால் வெளி ஃபுட் நல்லது. எதை மாட்டினாலும், மோட்டாரை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி உள் ஃபுட்டின் துளைக்கு நடுவே இறங்குகிறதா என்று பார்த்த பிறகே தையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. வழவழப்பான ஜோடியையும் பைப்பிங் ஜோடியையும் முதலில் வாங்கிக்கொள்கிறேன்.