தமிழில் எழுத்து சாகச விளையாட்டு: எடுத்த சாவி மறுபடி அதே இடத்தில் கிடக்கிறது

கிணற்றடி:
வணக்கம். பைதான் என்ற நிரல்மொழி படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. இஃப், எல்ஸ் (நிபந்தனை), வைல் லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயர் வைத்துக் கூப்பிடும் நிரல் துண்டு) வரை வந்திருக்கிறேன். படம் எதுவும் இல்லாமல் எழுத்திலேயே நடக்கும் ஒரு சாகச விளையாட்டை அக்கா மகளுக்காக எழுதுகிறேன், அவளுக்குப் பத்து வயது. காரைக்குடிப் பக்கம் இருந்த எங்கள் ஆயா வீடுதான் களம். திண்ணையில் தொடங்கி முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று சுற்றி, சாவியைக் கண்டுபிடித்து மரப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு அறையும் ஒரு ஃபங்ஷன், அதிலிருந்து அடுத்த அறையின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். கிணற்றடியில் சாவியை எடுத்துவிட்டு வளவுக்குப் போய்த் திரும்பி வந்தால் சாவி மறுபடி அங்கேயே கிடக்கிறது. அது போக, நான் "சாவி எடு" என்று எழுதி வைத்திருக்கிறேன், அவள் "சாவியை எடு" என்கிறாள், "பெட்டியைத் திற" என்கிறாள், எதுவும் வேலை செய்யவில்லை. எல்லா வடிவத்துக்கும் இஃப் எழுதி எழுதி 400 வரி தாண்டிவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

வரைபடக்காரர்:
ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம், அறையை ஃபங்ஷனாக. ஆனால் அறை என்பது ஒரு வேலை இல்லை, ஒரு தகவல். உங்கள் ஃபங்ஷனுக்குள் "இங்கே சாவி இருக்கிறது" என்று அச்சிடும் வரி நிலையாக உட்கார்ந்திருக்கிறது, ஆகவே எத்தனை முறை உள்ளே போனாலும் அதையேதான் சொல்லும்.

ஒரு டிக்ஷனரி போடுங்கள், பெயரைச் சொன்னால் அதற்குரிய தகவலைத் தருவது அது. அறையின் பெயர் அதில் கீ, அதாவது தேடும் பெயர். அதற்குள் இன்னொரு சின்ன டிக்ஷனரி: வர்ணனை, வழிகள், பொருள்கள். வழிகள் என்பதில் "வடக்கு" என்றால் "வளவு" என்று எந்தத் திசை எந்த அறைக்குப் போகிறது என்று மட்டும் இருக்கும். பொருள்கள் ஒரு லிஸ்ட், அதாவது பட்டியல். விளையாடுபவர் கையில் இருப்பது தனியாக இன்னொரு லிஸ்ட். சாவியை எடுத்தால் கிணற்றடியின் லிஸ்டிலிருந்து நீக்கி கையில் இருக்கும் லிஸ்டில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சாவி எந்த நேரத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

"இப்போது எங்கே" என்று ஒரே ஒரு வேரியபிள், ஒரே ஒரு வைல் லூப். வர்ணனையைக் காட்டு, கட்டளையை வாங்கு, டிக்ஷனரியைப் பார்த்து மாற்று, திரும்ப மேலே போ. அறை எத்தனை கூட்டினாலும் லூப் நீளாது. முதலில் காகிதத்தில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு அம்புக்குறி வரைந்துகொள்ளுங்கள், அதைப் பார்த்து டிக்ஷனரியை நிரப்புவது அரை மணி நேர வேலை.

இன்னொன்று, ஃபங்ஷன் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டே போனால் பைதான் வழக்கமாக 1000 அடுக்குக்கு மேல் விடாது, பிழை சொல்லி நின்றுவிடும். சின்ன ஆட்டத்தில் தெரியாது, என்றாலும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

சொல்முடிச்சு:
அறை விஷயம் மேலே சரியாகச் சொல்லிவிட்டார், நான் கட்டளைக்கு வருகிறேன், தமிழில் எழுதும்போது சுவையே இங்கேதான். ஆங்கிலப் பாடங்கள் எல்லாம் "முதல் சொல் வினை, அடுத்தது பொருள்" என்று சொல்லித்தரும். நமக்கு வினை கடைசியில் வருகிறது. ஸ்பிளிட் செய்து, அதாவது வரியைச் சொல் சொல்லாகப் பிரித்து, கடைசிச் சொல்லை வினையாக எடுங்கள், முன்னால் இருப்பதெல்லாம் பொருள்.

அடுத்தது வேற்றுமை உருபு. சாவி சாவியை ஆகிறது, விளக்கு விளக்கை ஆகிறது, கயிறு கயிற்றை ஆகிறது, போதாததற்கு "பெட்டியைத் திற" என்பதில் நடுவே ஒரு த். ஒவ்வொன்றையும் வெட்டி எடுக்க இலக்கண விதி எழுதப் போகாதீர்கள். 1970களில் வந்த கொலாசல் கேவ் அட்வென்ச்சர் என்ற எழுத்து விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் பார்த்தது. அதே வித்தையைக் கொஞ்சம் மாற்றினால் நமக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, தட்டச்சு செய்த சொல் அதில் தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித் கொண்டு பாருங்கள். விளக்குக்கு "விளக்க", கயிற்றுக்கு "கயிற", மரத்துக்கு "மர". கணினிக்கு உயிர்மெய்யின் குறி தனி எழுத்து, அதனால் "கயிற" என்பது கயிறு, கயிற்றை இரண்டுக்கும் பொருந்தும். உருபு, ஒற்று எல்லாம் பின்னால்தானே ஒட்டுகிறது, அது என்னவாக இருந்தாலும் கவலை இல்லை. திசைக்கும் இதுதான்: "வடக்க" என்று வைத்தால் வடக்கு, வடக்கே இரண்டும் வரும்.

ஒரே கவனம், நீளமானதை முதலில் சோதியுங்கள். "போ" முதலில் இருந்தால் "சாவியைப் போடு" என்பதையும் நடக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். "மர"வுக்கு முன்னால் "மரப்பெட்டி".

மெதுவடை:
பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா? ட்வைன் என்று கிளைக்கதை எழுதும் கருவி ஒன்று இருக்கிறது, 2009-இல் கிறிஸ் கிளைமஸ் வெளியிட்டது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பத்திகளை எழுதி இணைத்தால் போதும், அவளே கதை எழுதலாம்.

சொல்முடிச்சு:
நல்ல கருவிதான், கதை எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு நானும் அதைத்தான் காட்டுவேன். ஆனால் இவர் பைதான் கற்றுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறார். அதோடு, இணைப்பைத் தட்டும்போது நாம் கொடுத்த இரண்டு மூன்று வழிதான் அவளுக்கு. தட்டச்சு செய்யும்போது அவள் மனதில் தோன்றியதையெல்லாம் கேட்கலாம். அது வேறு சந்தோஷம்.

கிணற்றடி:
இரண்டு நாளாக உட்கார்ந்து மாற்றிவிட்டேன், 400 வரி 130 ஆகிவிட்டது, இருவருக்கும் மிகவும் நன்றி! ஒரு சந்தேகம் மட்டும். நான் "தொட்டி" என்று அடித்தால் வேலை செய்கிறது. அக்கா மடிக்கணினியில் அவள் அடித்தால் "புரியவில்லை" என்று வருகிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

வரைபடக்காரர்:
பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் "தொ" என்பதை த-வோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், த, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். சில தட்டச்சுக் கருவிகள் இரண்டாவது வழியில் எழுதும். பைதானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இந்த இரண்டையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் இருக்கிறது. இன்புட் வந்தவுடன் என்எஃப்சி என்ற, துண்டுகளைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றுங்கள், டிக்ஷனரியில் இருக்கும் சொற்களையும் அதே போல. ஓகாரம், ஔகாரம் எல்லாம் இதிலேயே தீரும். ஆட்டத்தை ஜேசன் (தகவலை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) கோப்பில் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் என்ஷூர் ஆஸ்கி என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வையுங்கள், இல்லையென்றால் கோப்பில் தமிழுக்குப் பதில் குறியீட்டு எண்களாக நிற்கும்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். "புரியவில்லை" என்று சொல்ல வேண்டி வந்த ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்து என்ன எழுத வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள்.

கிணற்றடி:
தொட்டி சரியாகிவிட்டது. கோப்பும் வைத்தேன். நேற்று மாலைக்குள் 14 வரி சேர்ந்திருக்கிறது. "கிணற்றில் குதி" இரண்டு முறை, "ஊஞ்சலில் ஆடு" ஒரு முறை, "ஆயாவைக் கூப்பிடு" ஐந்து முறை. ஆயா போன பிறகுதான் அவள் பிறந்தாள், அந்த வீட்டை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆயாவை அடுப்படியில் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று இன்று ராத்திரி அக்காவிடம் கேட்டு எழுத வேண்டும்.