ரோடன்பாக் இன்னமும் குடும்ப பீர் தானா, இல்ல லேபிள்ல மட்டுமா?

புளிப்புப்பிரியன்:
ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கு, கேட்டுடறேன். ரோடன்பாக்னா பெல்ஜியத்துப் புளிப்பு பீர், அந்தப் பாட்டிலை எடுத்தா 1821-ன்னு வருஷம் போட்டிருக்கான், கதைய கேட்டா அலெக்ஸாண்டர் ரோடன்பாக்ல ஆரம்பிச்சு அண்ணன் தம்பி பேரன்னு நீட்டி முழக்குறாங்க. ஆனா 1998-லயே பால்ம்ங்கிற பெல்ஜியம் பீர் கம்பெனிக்கு வித்தாச்சு, 2016-ல அந்த பால்மையே நெதர்லாந்து பீர் கம்பெனி பவாரியா வளைச்சுப் போட்டுட்டான். இதுல குடும்பம் எங்க இருக்கு? பிரஸ்ஸல்ஸ்ல கான்டியோன் ப்ரூவரியைப் பாருங்க, 1900-ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் குடும்பத்து ஆளே காய்ச்சுறார். பாரம்பரியம்னா அது. இது மார்க்கெட்டிங்.

மரத்தொட்டி:
தல, பாரம்பரியம்னா ரேஷன் கார்டுல பேர் இருக்கணுமா என்ன. அந்த பீரை பீராக்குறது முதலாளி இல்ல, மரம். ரோடன்பாக் காய்ச்சுற ஊரான ருஸலாரேல 294 ஃபூடர் நிக்குது, எல்லாம் ஓக் தொட்டி, பெருசுல 65,000 லிட்டர் வரைக்கும் பிடிக்கும், சிலதுக்கு வயசு நூத்தம்பதுக்கு மேல. ஆணி கிடையாது கோந்து கிடையாது, பலகைக்கு நடுவுல காய்ஞ்ச கோரையைச் செருகி தேன்மெழுகு வெச்சு அடைக்கிறாங்க, அதைப் பிரிச்சு சுரண்டி திரும்பக் கட்டுறதுக்குன்னே சொந்தமா ஆள் வெச்சிருக்காங்க, இந்தக் காலத்துல எவன் வெச்சிருக்கான் சொல்லுங்க. பலகையோட துளைக்குள்ள லேக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைஸிஸ்ங்கிற காட்டு ஈஸ்ட்டும் குடியிருக்கு, நம்ம வீட்டு உறை மோர் மாதிரிதான், போன தடவை புளிப்பு அடுத்த தடவைக்கு கை மாறும். ரெண்டு வருஷம் அதுல கிடக்கும் பீர். கம்பெனி பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு பாக்டீரியாவுக்குத் தெரியுமா?

ஜாலி_ஜம்பு:
வினிகருக்கு இவ்ளோ சண்டையா டா

புளிப்புப்பிரியன்:
@ஜாலி_ஜம்பு நீங்க லாகரே குடிங்க ப்ரோ, உங்களுக்கு இது வேணாம்.

@மரத்தொட்டி பாக்டீரியாவுக்குத் தெரியாது, சரி. ஆனா எந்தத் தொட்டியைத் திறக்கணும், எவ்ளோ கலக்கணும்னு முடிவு பண்றது பாக்டீரியா இல்லியே. இப்ப ரோடன்பாக் கிளாஸிக்ங்கிற சாதா ரகத்துல முக்கால் பங்கு இளசு, கால் பங்குதான் தொட்டில கிடந்தது. கிராண்ட் க்ரூங்கிற ஒசத்தி ரகத்துல மூணுல ரெண்டு பங்கு பழசு. முன்னாடி கிராண்ட் க்ரூன்னா முழுக்க பழசையே பாட்டில் பண்ணாங்க, அதைக் குடிச்சவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. அலெக்ஸாண்டர்னு பேர் வெச்ச செர்ரி போட்ட பீரை நிறுத்தினாங்க. எஸன்ல இருக்கிற டி டோல சின்ன ப்ரூவரி, அவங்களோட ஊர்பியர் (Oerbier)ங்கிற பீருக்கு காலங்காலமா ரோடன்பாக் ஈஸ்ட்தான் போயிட்டிருந்தது, பால்ம் வந்ததும் 1999-ல அதையும் கட் பண்ணிட்டாங்க. பக்கத்து ஊர்க்காரன் வந்து ஈஸ்ட் வாங்கிட்டுப் போறது எவ்ளோ நல்ல பழக்கம்! குடும்பம் இருந்தவரைக்கும் நடந்தது, கம்பெனி வந்ததும் நின்னுது. இதுக்கு மேல என்ன சொல்ல.

அன்ட்வெர்ப்_தம்பி:
அண்ணையவை, நான் இஞ்ச அன்ட்வெர்ப்பில இருக்கிறன், ஒண்டு சொல்லுறன். மேற்கு ஃபிளாண்டர்ஸ் பக்கம் போனா சின்னக் கஃபேகளில வயசான சனம் ரோடன்பாக்குக்கு கிரெனடின் எண்ட சிவப்புப் பழப்பாணி ஊத்திக் குடிக்கும், புளிப்பும் இனிப்புமா சிவப்பா கிளாஸில மினுங்கிக்கொண்டு இருக்கும். அவையிட்டப் போய் முதலாளி ஆர் எண்டு கேட்டுப் பாருங்கோ, சிரிப்பினம். அவைக்கு அது ஊர் பியர், அவ்வளவுதான். அலெக்ஸாண்டரை நிப்பாட்டினது உண்மை, ஆனா 2016-ல திரும்ப வந்திட்டுது, அதையும் சேத்துச் சொல்லுங்கோ.

மரத்தொட்டி:
தம்பி கரெக்டா சொன்னீங்க. புளிப்புப்பிரியன், குடும்பம் குடும்பம்னு சொல்றீங்களே, கான்டியோன்ல இப்ப இருக்கிற பேர் என்ன? வான் ராய். மார்செல் கான்டியோனோட மருமகன் ஜான்-பியர் வான் ராய் எடுத்து நடத்தினார், இப்ப அவர் மகன் ஜான். மருமகன் வந்தா பாரம்பரியம், பால்ம் வந்தா மார்க்கெட்டிங்கா?

இன்னொண்ணு, தொட்டில பழசாக்கி இளசோட கலக்குற வித்தையை ஒழுங்குக்குக் கொண்டு வந்தது யூஜீன் ரோடன்பாக், 1878-ல பொறுப்பு எடுத்தவர். அவர் எங்க கத்துக்கிட்டார்? இங்கிலாந்துல, போர்ட்டர்ங்கிற கறுத்த பீரை பெரிய தொட்டில வெச்சு முதிர வைக்கிறதைப் பார்த்து. அப்புறம் இங்கிலாந்துக்காரன் அதைக் கைவிட்டான், ருஸலாரே பிடிச்சு வெச்சுக்கிச்சு. அப்ப பாரம்பரியமே இரவல்தானே, அதுக்கு ரத்த சொந்தம் எங்க தேடுவீங்க.

மெல்பர்ன்_மணி:
ரெண்டு பேரும் ஒரு ஆளை மறந்துட்டீங்க, பீட்டர் புக்கார்ட். ரோடன்பாக்ல வேலை பார்த்தவர், 1996-ல அமெரிக்கா போய் கொலராடோல நியூ பெல்ஜியம்ங்கிற ப்ரூவரில சேர்ந்தார், அங்க மரத்துல புளிக்க வெச்சு லா ஃபோலிங்கிற பீர் பண்ணார். செம பீர், ஆனா ரோடன்பாக் இல்ல. நான் வீட்ல காய்ச்சுறவன், ஈஸ்ட் கம்பெனி ஒண்ணு ருஸலாரே கலவைன்னே பேர் வெச்சு பாக்கெட் விக்குது, அதைப் போட்டு பெரிய பாட்டில்ல வருஷக்கணக்கா வெச்சும் பார்த்தாச்சு, நல்லா புளிக்குது, மாட்டுத்தொழுவ வாசனை கூட லேசா வருது, ஆனா அந்த பழுத்த செர்ரி வாசமும் பின்னாடி வர்ற ஓக்கும் வரவே மாட்டேங்குது. ஆளைத் தூக்கிட்டுப் போனாலும் வரல, நுண்ணுயிரை வாங்கிட்டு வந்தாலும் வரல. அப்ப தொட்டி கட்சிக்குத்தான் என் ஓட்டு.

புளிப்புப்பிரியன்:
மணி சார், நீங்க சொல்றது எனக்குத்தான் சாதகம். தொட்டியை அசைக்க முடியாதுன்னா அதை யார் கைல கொடுக்கிறோம்ங்கிறது இன்னும் முக்கியம் ஆகுது. நாளைக்கு கணக்குப்பிள்ளை ஒருத்தர் வந்து ரெண்டு வருஷம் 294 தொட்டில பணம் முடங்கிக் கிடக்கே, ஸ்டீல் டேங்க்ல லேக்டிக் ஆசிட் ஊத்தினா என்னன்னு கேட்டா? குடும்பக்காரன் வெக்கப்படுவான், கம்பெனிக்காரன் யோசிப்பான். மருமகன் விஷயம், அவர் மாமனார் கிட்ட நின்னு காய்ச்சக் கத்துக்கிட்டவர், பங்கு வாங்கிட்டு வந்தவர் இல்ல.

மரத்தொட்டி:
கேக்கலையே இதுவரைக்கும்! 1998-ல இருந்து தொட்டி அங்கதான் நிக்குது. புதுசா காய்ச்சுற கூடம் கட்டக் காசு போட்டதே பால்ம்தான். ரூடி கெகியர் 1982-லயே உள்ள வந்தவர், குடும்பக் காலத்துல சேர்ந்து கம்பெனிக் காலத்துலயும் காய்ச்சுற மாஸ்டரா இருந்து ருசியைக் காப்பாத்தினவர், அவர் பேர்லயும் ரோடன்பாக் இல்ல. அப்புறம் நீங்க திட்டுற பவாரியா யாருது? ஸ்விங்கல்ஸ் குடும்பத்தோடது, ஏழு தலைமுறையா பீர் காய்ச்சுறவங்க. குடும்பம் வேணும்னு கேட்டீங்க, இந்தாங்க குடும்பம் 😂

புளிப்புப்பிரியன்:
அது அவங்க குடும்பம், இந்த பீரோட குடும்பம் இல்ல. 11 வயசுல கண்பார்வை போன ஒரு மனுஷன், அலெக்ஸாண்டர் ரோடன்பாக், பாரிஸ்ல படிச்சு, 1830-ல பெல்ஜியம் நாடாகும்போது அந்த நாட்டு தேசிய காங்கிரஸ் சபைல உக்காந்து, நடுவுல ப்ரூவரியும் வாங்கினார். அந்தக் கதையை லேபிள்ல ஒட்டி விக்கிற உரிமை லாகர் வித்து பெரிசான கம்பெனிக்கு எப்படி வருது?

அன்ட்வெர்ப்_தம்பி:
அதுசரி, ஆனா 1836-லயே அலெக்ஸாண்டர் விலகிட்டார் அண்ணை, தம்பி பெட்ரோவும் அவற்றை மனிசி ரெஜினாவும்தான் முழுக்க வாங்கி நடத்தினவை. அந்த மனிசியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. ரோடன்பாக் விண்டேஜ் எண்ட ரகத்தில ஒரு போத்தல் வாங்கிப் பாருங்கோ, ஒரே தொட்டியில இருந்து எடுக்கிறது, 7 சதவீதம், எந்தத் தொட்டி எண்டு நம்பரும் போட்டிருக்கும். எனக்கு அந்த நம்பர் காணும்.

புளிப்புப்பிரியன்:
தொட்டி நம்பரைப் போடுறாங்கல்ல, அதே சைஸ்ல ஓனர் பேரையும் போடட்டும். அப்புறம் நான் வாயை மூடிக்கிறேன்.