அம்மா அப்பாவை மிசௌரி பொட்டானிக்கல் கார்டன் புதன்கிழமைக் கச்சேரிக்குக் கூட்டிப்போகலாமா?

கும்பகோணத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள், கோடை முடியும்வரை செயின்ட் லூயிஸில் எங்களோடுதான். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். சாயங்காலமானால் கோயில், கடைத்தெரு, எதிர்வீட்டுத் திண்ணை என்று போய்ப் பழகியவர்கள், இங்கே அந்த நேரத்துக்கு ஷாப்பிங் மால், காஸ்ட்கோ கடை இவற்றை விட்டால் எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை.

பொட்டானிக்கல் கார்டனில் கோடைகாலத்தில் புதன்கிழமை சாயங்காலம் இலவசக் கச்சேரி நடக்கும் என்று ஆபீசில் சொன்னார்கள், விட்டேக்கர் மியூசிக் ஃபெஸ்டிவல் என்று பெயராம். அம்மாவுக்குச் செடிகொடி என்றால் உயிர். அப்பா பாட்டுப் பிரியர், ஆனால் நாதஸ்வரமும் கர்நாடக சங்கீதமும்தான், ஜாஸ் எல்லாம் காதில் விழுந்ததே இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி இருப்பதால் தரையில் உட்கார முடியாது, வெயில் வேறு கொளுத்துகிறது. போகலாமா? எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்? சாப்பாடு எடுத்துப்போக விடுவார்களா? இல்லை, விளக்கு அலங்காரக் கண்காட்சி ஏதாவது வரும்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதுதான் நல்லதா?

டவர் குரோவ் பக்கத்து வீடு:

கட்டாயம் போங்கள். வழக்கமாகப் புதனன்று ஐந்து மணிக்கு மேல் உள்ளே போக டிக்கெட் கிடையாது, கச்சேரி ஏழு மணிக்கு. நிறைய பேர் ஆறே முக்காலுக்கு வந்து, புல்வெளியில் இடம் பிடித்து, பாட்டு முடிந்ததும் நேரே காருக்குப் போய்விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 79 ஏக்கர் தோட்டம், அதுவும் செடிப் பிரியரான அம்மாவோடு போகிறீர்கள், ஐந்து மணிக்கே உள்ளே நுழைந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் கச்சேரி இரண்டாம்பட்சம். அந்த நேரத்துக்குக் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அதுதான் பெரிய விஷயம்.

கிளைமட்ரான் என்று கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது, 1960இல் கட்டியது, உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. வாழை, காப்பி, கொக்கோ எல்லாம் அதற்குள் காய்க்கும். சாயங்காலம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று அன்றைக்கே அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் குளங்களைத் தவற விடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் அமேசான் பக்கத்து விக்டோரியா அல்லி அங்கே விரிந்து கிடக்கும். இலை ஒவ்வொன்றும் நம் வீட்டு முறத்தை விடப் பல மடங்கு பெரிது, ஓரம் மடங்கி நிற்கும், அடிப்பக்கம் முழுக்க முள். அதன் பூ இருட்டும் நேரத்தில்தான் மலரும், முதல் ராத்திரி வெள்ளையாக வாசனையோடு, அடுத்த ராத்திரி இளஞ்சிவப்பாக மாறி, அதோடு அதன் கதை முடிந்தது. பகலில் டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு இந்தப் பூ மலர்வதைப் பார்க்கக் கிடைக்காது. ஜூலையில் இங்கே எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, அதனால் பாட்டு முடியும் நேரமும் பூ மலரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். முடிந்தவுடன் கூட்டத்தோடு வாசலுக்கு ஓடாமல் குளத்தோரம் ஒரு சுற்று வந்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம், அடுப்பு மூட்டி கிரில் செய்யத்தான் கூடாது. மடக்கு நாற்காலி கொண்டுபோகலாம். கொசு மருந்தை மறக்காதீர்கள், குளத்தங்கரையில் பிடுங்கி எடுத்துவிடும்.

தவில்காரர் பேரன்:

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்காகவே இந்தப் பதில். ஜாஸ் கேட்டதில்லை என்பதால் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கத்ரி கோபால்நாத் வாசித்து அப்பா கேட்டிருப்பார், அதே சாக்ஸபோன்தான் இங்கேயும் முன்னால் நிற்கும். போகும்போது காரிலேயே ஒரு விஷயம் சொல்லி வையுங்கள்: ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக அதை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷம் தோன்றுவதை வாசிப்பார்கள், கடைசியில் மறுபடி எல்லோரும் அந்த மெட்டுக்கே வந்து சேருவார்கள். கல்பனா ஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் என் மாமனார் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், எங்கே சமம் விழுகிறது என்று என்னிடமே கேட்டார்.

எல்லா வாரமும் ஜாஸ் இருக்காது. ப்ளூஸ், சோல், கிராமத்துப் பாணி ப்ளூகிராஸ் என்று வாரம் ஒரு குழு வரும், பெரும்பாலும் இந்த ஊர்க் கலைஞர்கள். இதுவும் சாதாரண ஊர் இல்லை. ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர், ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரி இங்கேயே பிறந்தவர். பட்டியலைப் பார்த்து, சத்தம் குறைவான வாத்திய இசைக் குழு வரும் புதனாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராதீர்கள், பின்னால் மரத்தடியில் போட்டால் நிழலும் கிடைக்கும், பேசிக்கொண்டும் கேட்கலாம்.

ரேவதி ராகம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், இரண்டு பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கச்சேரி நாளில் கூட்டம் அதிகம், பார்க்கிங்கிலிருந்து நாற்காலியும் சாப்பாட்டுப் பையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், முட்டிவலிக்காரரை அதோடு தோட்டம் முழுக்கச் சுற்ற வைப்பது பாவம். ஐந்து மணிக்கு வெயிலும் இறங்கியிருக்காது, ஜூலையில் சர்வசாதாரணமாக 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும், புழுக்கம் நம்ம சென்னையேதான். அதனால் தோட்டத்தைத் தனியாக ஒருநாள் காலையில் பாருங்கள். சிட்டியிலோ கவுன்டியிலோ குடியிருப்பவர்களுக்கு டிக்கெட் விலையும் குறைவு. கச்சேரிக்கு இன்னொரு நாள் ஆறு மணிக்கு மேல் நிதானமாக வாருங்கள்.

விளக்குக் கண்காட்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012இல் சீனாவின் ஸிகோங் ஊர்க் கைவினைஞர்கள் வந்து, இரும்புக் கம்பியில் பட்டுத்துணி இழுத்துக் கட்டிப் பெரிய பெரிய விளக்குகள் செய்தார்கள், பீங்கான் தட்டுகளைக் கோத்தே ஒரு டிராகன் செய்திருந்தார்கள். டேல் சிஹூலியின் கண்ணாடிச் சிற்பங்கள் 2006இல் ஒரு தடவையும் 2023இல் ஒரு தடவையும் வந்தன, ராத்திரியில் விளக்குப் போட்டுக் காட்டினார்கள். அற்புதமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை எல்லாக் கோடையிலும் வருவதில்லை. அப்பா அம்மா இங்கே இருக்கும் நாட்களை அதற்காகக் காத்திருந்து வீணாக்காதீர்கள்.

அவர்கள் செப்டம்பர் முதல் வாரம்வரை இருந்தால் ஒன்று சொல்வேன். லேபர் டே வார இறுதியில் ஜப்பானிய விழா நடக்கும், 1977இல் இங்கே செய்வா-என் என்ற ஜப்பானியத் தோட்டம் திறந்ததிலிருந்து நடக்கிற விழா. தைகோ மேளம், போன் ஒடோரி நடனம், சாயங்காலம் ஏரியைச் சுற்றி விளக்கொளியில் நடை. அந்த மேளத்தை உங்கள் அப்பா ஒரு தடவை கேட்க வேண்டும், அடி நெஞ்சில் வந்து விழும். இதற்கு டிக்கெட் உண்டு, கூட்டமும் உண்டு, ஆனால் செலவழித்த காசுக்குத் தகும்.

டவர் குரோவ் பக்கத்து வீடு:

ரேவதி சொல்வது நியாயம்தான், முட்டிவலியை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. ஆனால் காலையில் போனால் அல்லி மலர்வதைப் பார்க்க முடியாதே, அதைத்தான் விட மனசில்லை. இப்படிச் செய்யலாம்: நுழைவாயிலில் கேட்டால் சக்கர நாற்காலி கொடுப்பார்கள், யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு. முழுத் தோட்டமும் வேண்டாம், கிளைமட்ரான் முன்னால் குளம், அங்கிருந்து புல்வெளி, அவ்வளவு போதும். அந்தக் குளத்தில் நிற்கும் வெண்கலச் சிலைகள் ஸ்வீடன் நாட்டுச் சிற்பி கார்ல் மில்லஸ் செய்தவை, யூனியன் ஸ்டேஷன் எதிரே இருக்கும் நீரூற்றுச் சிலைகளும் அவர் செய்ததுதான்.

இன்னொன்று, அம்மாவுக்குச் சொல்லலாம். இந்தத் தோட்டத்தை உண்டாக்கிய ஹென்றி ஷா இங்கிலாந்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து இரும்புச் சாமான், கத்தி வியாபாரம் செய்தவர். நாற்பது வயதுக்குள்ளேயே வேண்டிய அளவு சம்பாதித்துவிட்டு வியாபாரத்தை நிறுத்தினார், 1851இல் இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1859இல் தன் நிலத்தையே தோட்டமாக்கி ஊருக்குத் திறந்துவிட்டார். பக்கத்தில் இருக்கும் டவர் குரோவ் பார்க்கும் அவர் கொடுத்ததுதான். சமாதியும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் ஷாஸ் கார்டன் என்றுதான் சொல்வார்கள்.

கும்பகோணத்துப் பொண்ணு:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் ராத்திரி மலரும் அல்லி என்று சொன்னதுமே எந்தப் புதன்கிழமை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொள்கிறோம். இரண்டு சந்தேகம்: மழை வந்தால் என்ன செய்வார்கள்? அப்புறம், மடக்கு நாற்காலியில் எது வாங்கலாம்?

தவில்காரர் பேரன்:

இடிமின்னல் இருந்தால் நிறுத்திவிடுவார்கள். இந்த ஊரில் சாயங்கால இடிமழை திடீரென்று வரும், அதனால் கிளம்பும் முன் தோட்டத்தின் தளத்தை ஒரு தடவை பாருங்கள். தயிர் சாதத்தை ஐஸ் பையில் வையுங்கள், இந்த வெயிலுக்குப் புளித்துவிடும். நாற்காலி தாழ்வாக இருந்தால் அம்மாவால் எழுந்திருக்க முடியாது, கொஞ்சம் உயரமாக, இரண்டு பக்கமும் கெட்டியான கைப்பிடி இருப்பதாகப் பார்த்துக் கடையிலேயே அவரை உட்கார வைத்துப் பார்த்து வாங்குங்கள்.