காட்டில் இலவச விறகு எடுக்க ட்ரெய்லர், அவசரம்

புதுவரவு_பல்லாரட்: வணக்கம். நாளைக் காலைக்கு ட்ரெய்லர் வாடகைக்குப் பேசியிருக்கிறேன். காட்டில் விறகு சும்மாவே எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆஸ்திரேலியாவில் பல்லாரட்டில் வாடகை வீடு, விறகு ஹீட்டர் மட்டும்தான், கைக்குழந்தை வேறு. மே மாதமே இந்தக் குளிர்! எவ்வளவு ஏற்றலாம்? அபராதம் போடுவார்களா?

தஞ்சாவூரான்: நாங்கள் வந்த புதிதில் நாலு பேருக்கு ஒரே அறை, ஒரு குட்டி ஹீட்டர். ஜன்னல் இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டித் திணித்துவிட்டுப் படுப்போம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் விரல் மடங்காது. விறகெல்லாம் வேண்டாம் தம்பி, வீட்டு ஓனரிடம் சூடும் தருகிற ஸ்பிளிட் ஏசி கேளுங்கள்.

ஜீலாங்_அக்கா: கேட்டால் கொடுத்துவிடுவார்களா? வாடகை வீட்டின் முக்கிய அறையில் நிலையான ஹீட்டர் வேண்டும் என்று நம் விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் விதி இருக்கிறது. ஆனால் விறகு ஹீட்டரும் அந்தக் கணக்கில் சேரும். தம்பி, என்ன கார்? டோபார் (ட்ரெய்லர் மாட்டும் இழுவைக் கம்பி) இருக்கா? புது ஓட்டுநர்களுக்கான சிவப்பு பி லைசென்ஸ் என்றால் சொந்த வேலைக்கு ட்ரெய்லர் இழுக்கவே கூடாது.

வன்னிப்பொடியன்: பயப்பிடாதேங்கோ தம்பி. ஆறடிக்கு நாலடி ட்ரெய்லரிலை விளிம்புக்கு மேலையும் அடுக்கலாம். நாங்கள் அப்பிடித்தான் ஏத்துறனாங்கள்.

ஜீலாங்_அக்கா: அண்ணா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு அதன் சொந்த எடையும் சேர்த்து 750 கிலோதான். ஈர யூகலிப்டஸ் கட்டை கல் மாதிரி கனக்கும், பாதிப் பெட்டியிலேயே அளவு வந்துவிடலாம்.

தஞ்சாவூரான்: வாரா வாரம் இவ்வளவு வாடகை வாங்குகிறார்கள், சுவரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. கதவுக்கு அடியில் காற்று வருகிறது என்று சொன்னால் பதிலே வராது.

வன்னிப்பொடியன்: அது உண்மை. பனி கொட்டுற நாட்டிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் வீட்டுக்குள்ளை அரைக்கைச் சட்டையோடை இருக்கினம்.

புதுவரவு_பல்லாரட்: ஃபுல் லைசென்ஸ்தான். கார் சின்ன ஹேட்ச்பேக், டோபார் இல்லை. நண்பரின் யூட்டை (பின்பக்கம் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) கேட்கலாமா?

பென்டிகோ_மாமா: கேளுங்கள் தம்பி. ஆனால் முதலில் ஒன்று: காட்டில் இப்போது கிடக்கும் கட்டை நனைந்திருக்கும். அதை இந்த வருஷம் எரித்தால் சூடு வராது, புகைதான் வரும். புகைக்குழாயில் கரி படியும், அது தீப்பிடிக்கும். குழந்தை இருக்கிற வீடு. இந்தக் குளிருக்கு ஒரு லோடு உலர் விறகு காசு கொடுத்து வாங்குங்கள். காட்டு விறகைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிவைத்தால் அடுத்த குளிருக்கு ஆகும். கட்டட வேலை நடந்த இடத்தில் பச்சை சாயமேறிய பைன் பலகை கிடந்தால் தொடாதீர்கள், அதில் ஆர்சனிக் இருக்கும்.

எடுக்கும் காலம் மார்ச் 1 முதல் ஜூன் 30, பிறகு செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30. அனுமதிச் சீட்டு வேண்டாம். அரசு வரைபடத்தில் அப்போது திறந்திருக்கும் இடத்தில் மட்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கன மீட்டர், ஒரு வீட்டுக்கு நிதியாண்டுக்கு 16. தரையில் விழுந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். பொந்துள்ள கட்டையும் பாசி படிந்ததும் பிராணிகளின் வீடு, விட்டுவிடுங்கள். நிற்கிற பட்டமரத்தில் கை வைத்தால் அபராதம்தான்.

யூட்டின் கையேட்டில் இழுக்கும் எடையைப் பாருங்கள். டோபால் (ட்ரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) அளவும் விளக்கு பிளக்கும் ட்ரெய்லருக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். சங்கிலியைக் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கனமான கட்டைகள் அச்சுக்குச் சற்று முன்னால் வரட்டும்; பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் ஆடும். ஆடினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை விடுங்கள். மேலே வலை போட்டுக் கட்டுங்கள். கட்டை தூக்கக் கையுறை அவசியம், அடியில் ரெட்பேக் என்னும் விஷச் சிலந்தி இருக்கலாம்.

புதுவரவு_பல்லாரட்: நன்றி மாமா, நன்றி அக்கா. நாளைய ட்ரெய்லரை ரத்து செய்துவிட்டேன், நண்பர் அடுத்த சனிக்கிழமை யூட்டோடு கூட வருகிறார். பல்லாரட் பக்கம் உலர் விறகு வீட்டிலேயே கொண்டுவந்து இறக்குபவர்கள் யாரையாவது தெரியுமா?